லாபம், ரெண்டு, மூணு

எங்கள் கடையில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. மூட்டையிலிருந்து அரிசியைப் படியால் அளந்து பையில் கொட்டும்போது முதல் படிக்கு "லாபம்" என்று சொல்வோம். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. தராசு வந்து, மின்தராசும் வந்துவிட்டது. ஆனாலும் எடை போடுவதற்கு முன்னால் பையில் அளந்து கொட்டுகிற வேலை இருக்கிறதே, அதில் இன்னும் லாபம்தான் முதலில் வருகிறது. அக்காவுக்கு அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ராத்திரி மாத்திரையை உள்ளங்கையில் போட்டுக்கொண்டுகூட, "லாபம், ரெண்டு" என்றுதான் எண்ணுவாள்.

அக்கா என்பவள் என் ஓரகத்தி. அண்ணனை அவளும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இருவரும் இந்தத் தானியக் கடையும்தான். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று ஊர் எதிர்பார்க்கும். ஊரை ஏமாற்றுவானேன் என்று நாங்களும் தினமும் சண்டை போடுவோம். நான் கத்துவேன். அவள் வாயே திறக்க மாட்டாள். அவள் சண்டை போடுகிற லட்சணம் அது. கடைசியில் தொண்டை கட்டிப்போவது எனக்குத்தான்.

அவளுக்கு ஒரே பையன். எனக்குப் பிள்ளை இல்லை. ஆகையால் அந்தப் பையனை இரண்டு பேரும் பங்கு போட்டு வளர்த்தோம். பால் கொடுத்தது அவள், அடி கொடுத்தது நான். பிறந்தபோதே கொழுகொழுவென்று இருந்தான் என்று நான்தான் அவனுக்குத் தடியன் என்று பெயர் வைத்தேன். இப்போது தடியன் விமானத்தில் போகிற தூரத்தில் ஓர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். மனைவி முழுகாமல் இருக்கிறாள்.

இப்படி இருக்கையில்தான் அக்கா விழுந்தாள்.

கிடங்கில் யாரோ பச்சைப்பயறைச் சிந்தியிருக்கிறார்கள். பயறில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று தானியக் கடைக்காரிக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஆனாலும் வைத்தாள். தொப்பென்று ஒரு சத்தம் கேட்டு நான் ஓடினேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை ஊன்றுகிறாள், இடுப்பு வரமாட்டேன் என்கிறது. காலை மடக்குகிறாள், அது மடங்கினால்தானே! நான் அவள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். அரை அடி வந்தாள், திரும்பவும் கீழே போய்விட்டாள். மறுபடியும் தூக்கினேன். என்னால் முடியவில்லை, அழுகைதான் வந்தது. வாழ்நாள் முழுக்க மூட்டைகளுக்கு நடுவில் நின்றவள்தான், ஆனால் நான் அளந்தவள், தூக்கினவள் இல்லை.

கடைசியில் பக்கத்துக் கிடங்கிலிருந்து சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். அவர்கள் இடுப்பில் மூட்டைக் கொக்கி செருகியிருந்தது. "கொக்கியைப் போட்டுடாதேடா, கையால பிடி" என்று ஒருவன் மற்றவனிடம் சொல்லிச் சிரித்தான். வேடிக்கைக்குத்தான் சொன்னான், கெட்டவன் இல்லை. அக்காவை அலாக்காகத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அக்கா புடவையில் ஒட்டியிருந்த பயறை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். அப்புறம், "என்னை மூட்டையாத் தூக்கிட்டாங்கடி" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் அழுததை நான் பார்த்தேன். எனக்கும் மறுபடி அழுகை வந்தது.

டாக்டரம்மா எலும்பெல்லாம் படம் எடுத்துப் பார்த்தாள். உடைசல் எதுவும் இல்லை. "தொடையில சதையே இல்லைம்மா. உட்கார்ந்த இடத்துலேயே வியாபாரம் பண்ணினா கால் எப்படி நிக்கும்? மருந்து வேண்டாம், உடற்பயிற்சி பண்ணுங்க" என்றாள். நான் அந்த நல்ல செய்தியைத் தடியனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை! அவன் பதறிப்போய், "இனிமே நீங்க தனியா இருந்தது போதும். பிரசவத்துக்கு முன்னாடி நான் வந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறேன். இங்கேயே என்கூட இருக்கட்டும். கடையை யாருக்காவது கொடுத்துடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீயும் வா சித்தி."

வா என்றால்? நான் போய் அங்கே என்ன செய்ய? எலி வளையானாலும் தனி வளை வேண்டும். எனக்கு இந்தக் கடையின் தவிட்டு வாசனை இல்லாமல் தூக்கம் வராது. அவனைக் கண்டபடி திட்டினேன். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"கண்ணா, ஒரு பேச்சு. நீ வர்ற அன்னிக்கு உன் கண்ணு முன்னால நான் தரையில உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காம எழுந்து காட்டறேன். எழுந்துட்டா என்னைக் கேக்காம என்னைப் பத்தி முடிவு பண்ணக் கூடாது. எழலைன்னா, நீ சொல்ற இடத்துக்கு வாய் பேசாம வர்றேன்."

அவன் ஒத்துக்கொண்டான். அக்கா இல்லாத வீட்டில் நான் யாருடன் சண்டை போடுவது?

இரண்டு தெரு தள்ளி ஒரு ஜிம் இருந்தது. காலையில் பெண்களுக்கு மட்டும். மாடிப்படி ஏறும்போதே நான் முணுமுணுத்தேன்: "இந்த வயசுல நமக்கு இது தேவையா? பார்க்கிறவங்க சிரிக்கப் போறாங்க." உள்ளே போனால் யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரவர்க்கு மூச்சு வாங்கவே நேரம் போதவில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஓடும் மிஷினில் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தாள். ஒரு நர்ஸ், ரப்பர் பட்டையைக் கம்பத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் போலவே பருத்தவர்களும் நரைத்தவர்களும் இருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனாலும் மூலையில் ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

கோச் ஒரு சின்னப் பெண். கிராப்பு வெட்டின தலை, நல்ல தோள். "நீங்க பண்ணலையாம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"நான் துணைக்கு வந்தவ. எனக்கென்ன குறைச்சல்? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"சரி பெஞ்ச் அம்மா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த ஜிம்மில் எனக்கு அதுதான் பெயர். நெற்றிக்கண்ணைத் திறந்தும் பார்த்தேன், பெயர் மாறவில்லை.

உண்மையைச் சொன்னால் என் முழங்காலும் லேசுப்பட்டதில்லை. கடையில் உயரமான ஸ்டூலில்தான் உட்காருவேன். கீழே எது விழுந்தாலும் குனிய மாட்டேன், காலால் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு, அது அங்கேயே இருக்கட்டும் என்பேன். தரையில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது. ஆனால் அன்றைக்கு விழுந்தது நான் இல்லையே, அதனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

கோச் அக்காவை முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னாள். "பத்து தடவை. எண்ணிக்கிட்டே பண்ணுங்க." அக்கா எழுந்தாள். "லாபம்" என்றாள். உட்கார்ந்து மறுபடி எழுந்தாள். "ரெண்டு."

"அம்மா, ஒண்ணு எங்கே?"

"அதான் லாபம்னு சொன்னேனே."

"லாபம்னா?"

"லாபம்னா லாபம்தான். முதல்ல அதைத்தானே சொல்லணும்?"

கோச்சுக்குப் புரியவில்லை. பாவம், அவள் பாக்கெட் அரிசி வாங்குகிறவள். அக்கா பத்து என்று சொல்லி நிறுத்தியதும், "ஒன்பதுதான் ஆச்சு. லாபம் எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்க. இன்னும் ஒண்ணு பண்ணுங்க" என்றாள். அக்காவுக்கு வந்ததே கோபம்! என்னிடம் வந்து, "இந்தப் பொண்ணு அளவுல ஏமாத்தறாடி" என்றாள். அக்காவின் அகராதியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நான் போய்க் கோச்சிடம் நியாயம் கேட்டேன். விளக்கிச் சொன்னதும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் விட்டாளா? "சரி, பத்தும் உங்க கணக்குப்படியே இருக்கட்டும். அதுக்கு மேல எனக்காக ஒண்ணு. அதுதான் நிஜ லாபம். உடம்புல சேர்றது அந்தக் கடைசி ஒண்ணுதாம்மா" என்றாள்.

கொஞ்ச நாளில் அந்தச் சொல் ஜிம் முழுக்கப் பரவிவிட்டது. டீச்சர் நடந்து முடித்து இறங்கப்போகும்போது நர்ஸ், "லாபம் பாக்கி இருக்கு டீச்சர்!" என்று கத்துவாள். டீச்சர் திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் நடப்பாள். அவளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம், அதைச் சொல்லும்போது மார்க் வாங்கின பிள்ளை மாதிரி முகம் பூரித்தது. நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போயிருந்த நர்சுக்கு இப்போது பெல்ட் தேவைப்படவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவளுக்கு வாய் அதிகம், என்ன செய்ய!

நாற்காலியிலிருந்து அக்கா சின்ன முக்காலிக்கு இறங்கினாள், முக்காலியிலிருந்து மெத்தைக்கு. தரையிலிருந்து எழுவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று கோச் காட்டித் தந்தாள். ஒரு பக்கமாகத் திரும்பணும், மண்டி போடணும், மற்றக் காலை முன்னால் ஊன்றணும், அந்தத் தொடை மேல் சொந்தக் கையை வைத்து அழுத்தி எழணும். பார்த்தால் சுலபமாக இருந்தது. அக்கா மண்டி வரைக்கும் வருவாள். ஊன்றின கால் வெடவெடவென்று ஆடும். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவாள். நான் ஓடிப்போய்க் கையை நீட்டுவேன். "பெஞ்ச் அம்மா, பெஞ்சுக்குப் போங்க!" என்று கோச் அதட்டுவாள். அந்தப் பெண்ணை நான் மனசுக்குள் திட்டாத வார்த்தை இல்லை.

ஒரு நாள் அப்படித்தான் முயன்று முயன்று முடியாமல், அக்கா மெத்தையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னிக்குப் போதும்மா" என்று கோச்சே சொல்லிவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு கோச்சைப் பார்த்தாள். "லாபம் பாக்கி இருக்கே" என்றாள். திரும்பினாள், மண்டி போட்டாள், காலை ஊன்றினாள். கால் ஆடியது. ஆடிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள்!

ஜிம்மே கைதட்டியது. டீச்சர் விசில் அடித்தாள், அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான், "இவ்வளவு நாளா நடிச்சியா, பாவி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. மணல் நிரப்பின ஒரு சின்னப் பை அங்கே இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழப் பழகினாள். எழுந்து நின்றதும் அந்தப் பையின் முதுகில் மெதுவாகத் தட்டுவாள். நாங்கள் கடையில் பையைத் தட்டித் தட்டித்தான் தானியத்தை அமர்த்துவோம். "கடைப் புத்தி இங்கேயும் போகலை பாரு" என்று நான் கேலி செய்தேன். அவள் இன்னொரு தடவை தட்டினாள்.

தடியன் வந்து இறங்கினான். முன்னைக்கு இப்போது தொப்பை நன்றாக விழுந்திருந்தது. பெட்டியை வைத்த கையோடு, "அம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றான். அக்கா, "வந்த ஆளுக்குச் சாமான் போட்டுட்டு வர்றேன், இரு" என்று வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத்தான் கூடத்துக்கு வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வழுவழுப்பான தரை, ஜிம் மெத்தை இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி மண்டி போட்டாள். ஊன்றின கால் வழுக்கியது. தொம்மென்று உட்கார்ந்துவிட்டாள். தடியன், "ஐயோ அம்மா!" என்று குனிந்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"தொட்டே, கையை உடைச்சுடுவேன்."

அக்கா உள்ளங்காலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி திரும்பினாள். காலை ஊன்றி, தொடையில் கையை வைத்து, அவசரப்படாமல் எழுந்து நின்றாள். அதோடு நிற்கவில்லை. மேஜை மேலிருந்த அரிசிப் பையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். பையின் மேல்முனையை முழங்கை மடிப்பில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படியே எழுந்தாள். பையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

தடியனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் கண் கலங்கியது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அந்த நிமிஷம் வரைக்கும் புரியவில்லை. அவள் தட்டினது தானியத்தை அமர்த்த இல்லை.

அழுகையை மறைக்க அவன், "இதென்ன பிரமாதம், நானும் பண்றேன்" என்று தரையில் உட்கார்ந்தான். அப்புறம் எழப் பார்த்தான். இந்தப் பக்கம் சாய்ந்தான், அந்தப் பக்கம் சாய்ந்தான், தொப்பை குறுக்கே வந்தது, கடைசியில் தவழ்ந்துபோய் நாற்காலியைப் பிடித்தான். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா. இங்கேயே இரு" என்றான்.

நான் அக்காவைப் பார்த்து மீசை முறுக்காத குறையாக நின்றேன். அக்கா, "நான் வர்றேன்டா" என்றாள்.

"என்னது?" என்றேன் நான்.

"குழந்தைக்குத் தலை நிக்கிற வரைக்கும் இருந்துட்டு வந்துடறேன். எழ முடியாதவளாப் போனா அங்கே நான் ஒரு மூட்டை. இப்ப போனா ஒத்தாசைக்குப் போற மனுஷி. நானா போறேன், நானா திரும்பி வருவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்மண் தெரியவில்லை. "அப்ப எல்லாம் போறதுக்குத்தானா? கூடவே காவல் காத்தவ நான், என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? போ, போய்ட்டு வராமலே இரு!" என்று கத்திவிட்டுக் கிடங்குக்குள் போனேன். போன வேகத்தில் மூட்டைகளுக்கு நடுவே தரையில் தொப்பென்று உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

கையை ஊன்றினேன். முழங்கால் கத்தியால் குத்தின மாதிரி வலித்தது. மூட்டையைப் பிடித்தேன், சாக்கு நழுவியது. கோபித்துக்கொண்டு போனவள் கூப்பிடவும் முடியாது, எழவும் முடியாது. இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல!

அக்கா வாசலில் வந்து நின்றாள். ஒரு பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"கையைக் கொடு" என்றேன்.

"மாட்டேன்."

"அக்கா!"

அவள் வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "அன்னிக்கு இதே இடத்துலதான் விழுந்தேன். மூட்டையாத் தூக்கினாங்களேன்னா அழுதேன்னு நினைச்சியா? என்னைத் தூக்க முடியலையேன்னு நீ என் தலைமாட்டுல உட்காரவும் முடியாம, நிக்கவும் முடியாம அழுதியே, அதைப் பார்த்துத்தான்டி அழுதேன். கீழே கிடந்தவளுக்கு உன் காலுதானே தெரியும். அது என் காலைவிட மோசமா நடுங்குச்சு. நான் ஊர்ல இல்லாதப்ப நீ விழுந்தா உன்னை யார் தூக்குவா?"

அவள் என்னிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதே இல்லை.

"பெஞ்சுல உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருக்கே? வழி தெரியும்ல? திரும்பு. நான் போற நாள் வரைக்கும் தினமும் பண்ணணும். போனப்புறமும் பண்ணணும். கோச்சுகிட்ட சொல்லிட்டேன்."

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். திரும்பு."

திரும்பினேன். மண்டி போட்டேன், உயிர் போயிற்று. காலை முன்னால் ஊன்றினேன். அது நடுங்கின நடுக்கத்தில் பக்கத்து மூட்டைகூட ஆடியிருக்கும். சாய்ந்தேன். அக்கா என் பக்கம் கையை நீட்டவில்லை. தன் இரண்டு கையையும் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீட்டாமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. மறுபடி மண்டி. மறுபடி கால். தொடையில் கையை வைத்து, அவள் பரம்பரையையே திட்டிக்கொண்டு அழுத்தினேன். இடுப்பு வந்தது, முதுகு வந்தது. நின்றுவிட்டேன்.

கீழே உட்கார்ந்தபடியே அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"லாபம்" என்றாள்.

ரெண்டுக்காக நான் மறுபடியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.